கடல் வழிவிடும் நேரம்

எரியோட்டில் நின்றுகொண்டு கடலைப் பற்றிப் பேசுவது வேடிக்கையாகத் தோன்றலாம். திண்டுக்கல்லுக்கும் கரூருக்கும் இடையே, புழுதியும் புளியமரமுமாய்க் கிடக்கும் சமவெளியில் அமைந்த ஊர் அது. அதற்கு அண்மையில் உள்ள கடல் நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் கிடக்கின்றது. குடகனாற்றில் நீர் வந்தால் அதுவே அவ்வட்டாரத்திற்குப் பெருவெள்ளம். கிணற்றில் நீர் எத்தனை அடிக்கு இறங்கிற்று என்பதைப் பேசும் மக்களிடம், கடல் நாள்தோறும் இருமுறை ஏறி இறங்குவதைப் பற்றி என்ன பேச இருக்கின்றது?

இருக்கின்றது. ஏனெனில், இன்று எரியோட்டு மக்களும் கடலுக்குப் போகின்றனர். வேடசந்தூர் வட்டாரத்து நூற்பாலைகளில் வேலை செய்யும் இளைஞர்கள் விடுமுறை வந்தால் வேன் ஒன்றை அமர்த்திக்கொண்டு கன்னியாகுமரிக்குக் கிளம்புகின்றனர். பம்பாய் செல்லும் குடும்பங்கள் ஹாஜி அலி தர்காவுக்குச் செல்லாமல் திரும்புவதில்லை. திண்டுக்கல் மலைக்கோட்டைப் பாறையில் சிறுவயதிலேயே ஏறிப் பழகியவர்களுக்குப் பாறை என்றால் அச்சமில்லை. ஆனால் மலைப்பாறையும் கடற்பாறையும் ஒன்றல்ல. திண்டுக்கல் பாறையில் காலையில் நாம் கால் வைத்த படி மாலையிலும் அங்கேயே இருக்கும். கடற்பாறையிலோ, போகும்போது நடந்த தரை திரும்பும்போது இருப்பதில்லை.

2024ஆம் ஆண்டு மே மாதம் 6ஆம் நாள், கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரத்தை அடுத்த கடற்கரையில் ஐந்து இளம் மருத்துவ மாணவர்கள் அலையில் சிக்கி மாண்டனர். ஒரு திருமண நிகழ்ச்சிக்காக வந்த இடத்தில் கடல் பார்க்கச் சென்றவர்கள் அவர்கள். உயிரின் அருமையைக் கற்றவர்கள், கடலின் இயல்பைக் கற்க வாய்ப்பில்லாமல் போயிற்று. அந்தச் செய்தியைப் படித்த நாள் முதல் நம் நெஞ்சில் ஒரு கேள்வி நின்றுகொண்டே இருக்கின்றது. கடல் எப்போது வழிவிடும், எப்போது வழியை மூடும் என்னும் அறிவை மனிதகுலம் எவ்வாறு தேடிற்று? தேடிப் பெற்றதை எவ்வாறு கைநழுவ விட்டது? அவ்வரலாற்றைச் சிறிது காண்போம்.

படையும் வணிகமும் கற்ற பாடம்

கடலின் ஏற்ற இறக்கத்தை நம் முன்னோர் 'ஓதம்' என்றனர். சங்க காலத்திலிருந்தே வழங்கிவரும் சொல் அது. நெய்தல் நிலத்து மக்களுக்கு ஓதம் என்பது வியப்புக்குரிய ஒன்றன்று. காலை மாலை போன்ற அன்றாட நிகழ்ச்சி. ஆனால் வெளியிலிருந்து வந்தவர்களுக்கு அது பேரதிர்ச்சியாக இருந்திருக்கின்றது.

கி.மு. 325இல் மாவீரன் அலெக்சாந்தரின் மரக்கலங்கள் சிந்து நதியின் முகத்துவாரத்தை அடைந்தன. கிரேக்கர்கள் வாழும் மத்தியதரைக் கடலில் ஓதம் மிகச் சிறிது. எனவே, நீர் திடுமென வற்றித் தம் கலங்கள் சேற்றில் சாய்ந்து கிடப்பதைக் கண்டு வீரர்கள் திகைத்தனர். சில மணி நேரத்தில் நீர் மீண்டும் பொங்கி வந்து கலங்களைத் தூக்கியபோது அவர்களின் திகைப்பு இருமடங்காயிற்று. சில கலங்கள் ஒன்றோடொன்று மோதி உடைந்தன. பாதி உலகை வென்ற படை, செம்படவச் சிறுவன் அறிந்த ஒன்றை அறியாமல் தவித்தது.

கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த 'எரித்திரையக் கடலின் பெரிபுளூஸ்' என்னும் கிரேக்க வணிகக் கையேடு, பரிகசா எனப்பட்ட பரூச் துறைமுகத்தின் ஓதத்தைப் பற்றி அச்சத்துடன் எழுதுகின்றது. கண்முன்னே கடலடி தெரிவதும், சற்று முன்பு நிலமாய்க் கிடந்த இடம் கடலாவதும் அதில் கூறப்படுகின்றன. அதைவிட நம் கவனத்திற்குரியது மற்றொரு செய்தி. அத்துறைக்கு வரும் அயல்நாட்டுக் கலங்களை எதிர்கொண்டு அழைத்துவர, அரசனின் பணியில் இருந்த உள்ளூர் மீனவர்கள் படகுகளில் வெளியே சென்று காத்திருந்தனர். ஓதம் ஏறும்போது கலத்தைச் செலுத்தி, இறங்கும்போது குறிப்பிட்ட ஆழங்களில் நிறுத்தி, படிப்படியாகத் துறைக்குக் கொண்டுவந்து சேர்த்தனர். வந்தவனிடம் கலம் இருந்தது. இருந்தவனிடம் அறிவு இருந்தது. அவ்விரண்டையும் இணைக்க ஓர் ஏற்பாடு இருந்தது. இந்த ஏற்பாடு என்பதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். பின்னால் அதற்கு நாம் திரும்ப வேண்டியிருக்கும்.

கம்பாயத்து நாய்

பாக்தாதில் பிறந்த வரலாற்றாசிரியர் அல்-மஸ்ஊதி, ஹிஜ்ரி 303இல், அதாவது கி.பி. 915-16 அளவில், குஜராத்தின் கம்பாயத்துக்கு வந்தார். கம்பாயத்து வளைகுடா இந்தியாவிலேயே மிகப் பெரிய ஓதம் காணும் இடங்களுள் ஒன்று. அதன் ஓரத்தில் உள்ள பாவ்நகர்ப் பகுதியில் நீர்மட்டம் பத்து மீட்டருக்கும் மேலாக ஏறி இறங்குவது உண்டு. மூன்று மாடி வீட்டின் உயரத்திற்குக் கடல் எழுந்து அடங்குகின்றது என்றால் அதன் வேகத்தை நாம் ஊகிக்கலாம்.

அங்கே தாம் கண்ட காட்சி ஒன்றை மஸ்ஊதி தம் நூலில் பதிவு செய்திருக்கின்றார். நீர் வற்றிய வளைகுடாவின் அடித்தரை பாலைவனம் போல் கிடந்தது. அம்மணலில் ஒரு நாய் படுத்திருந்தது. அப்போது கடலிலிருந்து நீர் மலைபோல் எழுந்து வந்தது. நாய் அதை உணர்ந்து, கரையை நோக்கித் தன் முழு வேகத்தில் ஓடிற்று. ஆயினும் நீர் அதனை முந்திற்று. நாய் மூழ்கி இறந்தது.

பல நாடுகளையும் பல அரசர்களையும் கண்ட ஓர் ஆசிரியர், ஒரு நாயின் சாவை ஏன் எழுதி வைத்தார்? அதில் ஓர் உண்மை இருப்பதை அவர் கண்டிருக்க வேண்டும் என்றே நாம் கருதுகிறோம். அந்த நாய் சோம்பலாக இருக்கவில்லை, கண்டவுடன் ஓடிற்று. ஓட்டத்திலும் குறைவில்லை. அதன் குற்றம் ஒன்றே: கண்ட பிறகு ஓடிற்று. ஓதத்தின் முன் கண்ணால் காண்பது என்பது காலந்தாழ்ந்த அறிவு. காணுமுன் திரும்புவதற்குக் கணக்கு வேண்டும்.

நிலவும் நூலும்

அந்தக் கணக்கு நிலவிடம் இருக்கின்றது என்பதைப் பல நாட்டு அறிஞர்கள் தத்தம் வழியில் கண்டனர். கிரேக்க அறிஞர் பொசிடோனியசு, கி.மு. முதல் நூற்றாண்டளவில் ஸ்பெயினின் காதிசுக் கரையில் ஓதத்திற்கும் நிலவுக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்தார். கி.பி. 725இல் இங்கிலாந்தின் பீடு என்னும் துறவி, ஒரே கடற்கரையிலும் ஊருக்கு ஊர் ஓத நேரம் மாறும் என்று எழுதினார்.

அப்பாசியர் காலத்தில் அல்-கிந்தி ஓதத்திற்கென்றே ஒரு நிருபம் எழுதினார். அவருக்குப் பின் வந்த அபூ மஅஷர் அல்-பல்கீ (மறைவு கி.பி. 886), நிலவின் பிறை, அதன் தொலைவு, வானில் அதன் இடம் ஆகியவற்றுக்கேற்ப ஓதம் எவ்வாறு கூடிக் குறைகின்றது என்பதை விரிவாக விளக்கினார். அவருடைய நூல் 12ஆம் நூற்றாண்டில் இலத்தீனில் பெயர்க்கப்பட்டு, ஐரோப்பியர் ஓதம் பற்றிக் கற்கும் மூலநூல்களுள் ஒன்றாயிற்று. ஆராய்ச்சிக்காக இந்தியாவுக்கு வந்த அல்-பிரூனி, கி.பி. 1030ஐ ஒட்டி எழுதிய தம் இந்திய நூலில் சோமநாதத்தின் பெயரை விளக்கும்போது ஓதத்தைக் கொண்டுவருகின்றார். நிலவின் எழுச்சிக்கும் மறைவுக்கும் ஏற்ப நீர் ஏறி அவ்விடத்தை மூடுவதும், பின் விலகுவதும், நிலவே அங்குப் பணிசெய்வதாக மக்கள் கருதக் காரணமாயின என்பது அவர் தரும் விளக்கம். பிறர் சமயத்தின் நம்பிக்கையை இகழாமல், அதன் பின்னே நின்ற இயற்கையைக் கண்டு கூறிய பண்பு போற்றத்தக்கது.

இவற்றைக் கூறும்போது ஒரு தவறு நேர்ந்துவிடக் கூடாது. 'எல்லாம் நம்மவர்களே கண்டனர்' என்று மார்தட்டுவது வரலாறாகாது. அபூ மஅஷர் சோதிடர். நிலவுக்கும் ஓதத்துக்கும் உள்ள தொடர்பைச் சரியாகக் கண்ட அவர், அதன் காரணத்தைச் சரியாகக் காணவில்லை. அல்-கிந்தி, நீர் வெப்பத்தால் விரிவதே காரணம் என்று எண்ணினார், அதுவும் பொருந்தவில்லை. மறுபுறம், ஐரோப்பாவின் பேரறிஞர் கலிலியோ 1632இல் வெளியிட்ட நூலில் நிலவின் தொடர்பையே மறுத்து, பூமியின் அசைவால்தான் ஓதம் உண்டாகின்றது என்று வாதிட்டுத் தவறினார். 1687இல் நியூட்டன் ஈர்ப்பு விசையைக் கொண்டு விளக்கிய பிறகே காரணம் தெளிவாயிற்று. காரணம் தெரியுமுன்பே கணக்கு தெரிந்திருந்தது என்பதே இங்கு நாம் கொள்ளத்தக்க செய்தி. கடலோடிக்கு முதலில் வேண்டியது கணக்கு.

அக்கணக்கைப் பிறை பார்த்து மாதம் எண்ணும் சமுதாயம் எளிதில் கைக்கொள்ளும். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாட்களில் ஞாயிறும் திங்களும் ஒரே கோட்டில் நின்று இழுப்பதால் கடல் மிக உயர்ந்து மிகத் தாழும். ஹிஜ்ரி மாதத்தின் தொடக்க நாட்களும், பதினான்கு, பதினைந்தாம் நாட்களை ஒட்டியவையும் அவையே. ஏழு, இருபத்திரண்டாம் நாட்களை ஒட்டி ஏற்ற இறக்கம் குறுகும். நாளொன்றுக்கு ஏறக்குறைய 50 நிமிடம் வீதம் ஓத நேரம் பின்தள்ளிப் போகும். நேற்றுக் காலை பத்து மணிக்கு வற்றிய இடம் இன்று ஏறக்குறைய பத்தே முக்காலைத் தாண்டி வற்றும். ஜுல்ஃபாரில் பிறந்த மாபெரும் கடலோடி இப்னு மாஜித், 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் விண்மீன்கள், காற்றுக்காலங்கள், கரை அடையாளங்கள் ஆகியவற்றைத் தொகுத்து எழுதிய கடல்நூல், இத்தகைய அறிவு வாய்மொழியிலிருந்து ஏட்டுக்கு ஏறியதற்குச் சான்று. நம் மொழியில் கப்பலோட்டியைக் குறிக்கும் 'மாலுமி' என்ற சொல்லே, கற்பிப்பவர் எனப் பொருள்படும் 'முஅல்லிம்' என்னும் அரபுச் சொல்லின் திரிபு. கப்பலை ஓட்டுபவன் ஆசானாக இருந்தான். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் அச்சொல்லுக்கு இருந்த மதிப்பு அதனால் வந்தது.

ஹாஜி அலியின் நடைபாதை

ஓதம் வழிவிடும் இடங்களுள் தமிழ் முஸ்லிம்களுக்கு மிகவும் பழக்கமானது பம்பாயின் ஹாஜி அலி தர்கா. 1431இல் எழுப்பப்பட்டதாகக் கூறப்படும் இத்தர்கா, வர்ளிக் கரையை விட்டு விலகிக் கடலுக்குள் இருக்கும் ஒரு பாறைத் தீவில் அமைந்திருக்கின்றது. கரையிலிருந்து அதற்குச் செல்லும் நடைபாதை தாழ்வானது. ஓதம் உயரும்போது நீர் அதனை மூடிவிடும். இறங்கும்போது பாதை வெளிப்படும்.

பல ஆண்டுகளுக்கு முன் நாம் அங்குச் சென்ற நாள் பௌர்ணமியை அடுத்த நாளாக இருந்தது. நண்பகலில் போய் நின்றால் எதிரே பாதை இல்லை; கடல்தான் இருந்தது. உடன் வந்த எரியோட்டு முதியவர் ஒருவர், "என்னங்க, ரோட்டைக் காணோமே!" என்றார். பூ விற்ற பெண்மணி சிரித்துக்கொண்டே, மாலையில் வாருங்கள் என்று கைகாட்டினார். அவர் கையில் கடிகாரம் இல்லை, அட்டவணையும் இல்லை. மாலையில் சென்றோம். பாதை ஈரமாக, முழுமையாகக் கிடந்தது.

அந்தப் பெண்மணியின் அறிவைப் பின்னர் நாம் கணக்கிட்டுப் பார்த்தோம். பம்பாயில் அமாவாசை, பௌர்ணமி நாட்களில் நண்பகலையும் நள்ளிரவையும் ஒட்டியே கடல் உச்சத்திற்கு ஏறும். காலை, மாலை ஆறு மணியை ஒட்டித் தாழும். அரைப்பிறை நாட்களில் இது தலைகீழாகும். ஒவ்வொரு துறைக்கும் இத்தகைய நிலையான பொருத்தம் ஒன்று உண்டு. அது பம்பாய்க்கு ஒன்று, சென்னைக்கு வேறொன்று. பம்பாயின் பெருக்கு நாட்களில் ஏற்றம் நான்கு மீட்டர் அளவுக்கு இருக்கும் என்று வைத்துக்கொண்டால், அது ஆறு மணி நேரத்தில் சீராக ஏறுவதில்லை. முதல் மணியில் பன்னிரண்டில் ஒரு பங்கு, இரண்டாவதில் இரண்டு பங்கு, மூன்றாவதிலும் நான்காவதிலும் மும்மூன்று பங்கு, பிறகு இரண்டு, கடைசியில் ஒன்று என்பது கடலோடிகளின் மனக்கணக்கு. முதல் மணியில் ஒரு முழத்துக்கும் குறைவாக ஏறும் நீர், மூன்றாம் மணியில் ஒரு மீட்டர் ஏறிவிடுகின்றது. 'மெல்லத்தானே ஏறுகின்றது, இன்னும் சிறிது நேரம் இருக்கலாம்' என்று எண்ணுபவனைக் கடல் ஏமாற்றும் இடம் இதுவே.

அட்டவணையும் அதன் எல்லையும்

19ஆம் நூற்றாண்டில் இவ்வறிவு இயந்திரத்திற்குள் புகுந்தது. 1872-73இல் கெல்வின் பிரபு, சக்கரங்களையும் கயிற்றையும் கொண்டு ஓதத்தை முன்கணிக்கும் இயந்திரம் ஒன்றை உருவாக்கினார். இந்தியத் துறைமுகங்களுக்கென்றே ராபர்ட்சு என்பவர் வகுத்த மற்றோர் இயந்திரம் 1879இல் இலண்டனில் அமைந்தது. இந்திய நில அளவைத் துறையினர் கராச்சி, பம்பாய், சென்னை, பாம்பன், நாகப்பட்டினம், தூத்துக்குடி முதலிய இடங்களில் நீர்மட்டத்தை ஆண்டுக்கணக்கில் அளந்து எண்களைத் தந்தனர். அவற்றிலிருந்து ஓத அட்டவணைகள் அச்சாயின. இன்றளவும் ஆண்டுதோறும் வெளிவருகின்றன.

அட்டவணையின் அருமையையும் அதன் எல்லையையும் ஒருசேரக் காட்டிய நாள் 1944 ஜூன் 6. பிரான்சின் நார்மண்டிக் கரையில் நேச நாட்டுப் படைகள் இறங்குவதற்கான ஓதக் கணக்கை இலிவர்பூலை அடுத்த பிட்சுடன் ஆய்வகத்தில் தூட்சன் என்னும் அறிஞர் கணித்துத் தந்தார். இரகசியம் காக்க, அவ்விடத்தின் பெயரைக்கூட அவரிடம் சொல்லாமல் ஒரு குறியீட்டை மட்டுமே கொடுத்திருந்தனர். விடியலை அடுத்துக் கடல் தாழ்ந்திருக்க வேண்டும். இரவில் நிலவொளி வேண்டும். இரண்டும் பொருந்தும் நாட்கள் அம்மாதத்தில் மிகச் சிலவே.

அன்று பாயிண்ட் து ஹோக் என்னும் செங்குத்துக் கடற்பாறையில் ஏறும் பணி 225 அமெரிக்க வீரர்களுக்குத் தரப்பட்டது. முப்பது மீட்டர் உயரம். காலை ஆறரை மணிக்குப் பாறையடியை அடைய வேண்டும் என்பது திட்டம். முன்சென்ற படகு வழி தவறியதால் ஏறக்குறைய நாற்பது நிமிடம் தாமதமாயிற்று. குறித்த நேரத்தில் சைகை வராததால், பின்னால் காத்திருந்த துணைப்படை வேறு கரைக்குத் திரும்பிவிட்டது. நீரில் நனைந்த கயிறுகள் கனத்துவிட்டன. அவற்றை எய்தபோது பல உச்சியை எட்டவில்லை. ஏணி பொருத்திய ஊர்திகள் குண்டுக்குழிகள் நிறைந்த பாறையடியில் நகர முடியவில்லை. ஆயினும் அவர்கள் ஏறினர். இரண்டு நாள் சண்டைக்குப் பின் போரிடும் நிலையில் எஞ்சியவர்கள் தொண்ணூறு பேர் அளவே. அட்டவணை பொய்க்கவில்லை. நாற்பது நிமிடத்தை யாரும் கணக்கில் வைக்கவில்லை.

பாறை ஏறுவோர் வகுத்த முறை

போருக்கு முன்பும் பின்பும், அதே வகையான பாறைகளில் விளையாட்டாக ஏறியவர்கள் இருக்கின்றனர். ஆதியில் அது விளையாட்டன்று, பிழைப்பு. இசுகாத்துலாந்தின் செயிண்ட் கில்டாத் தீவினர் கடற்பறவைகளையும் முட்டைகளையும் தேடித் தலைமுறை தலைமுறையாகக் கடற்குன்றுகளில் கயிறு கட்டி இறங்கினர். 1930 ஆகஸ்டில் எஞ்சிய 36 பேரும் தீவை விட்டு வெளியேறும் வரை அது நீடித்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட்ரூசு என்பவர் கார்ன்வால் கரைப் பாறைகளில் ஏறத் தொடங்கினார். 1960களில் வேல்சின் கோகார்த்துப் பாறைகள் புகழ்பெற்றன. 1966இல் ஆர்க்னித் தீவுகளில் 137 மீட்டர் உயரமுள்ள 'ஹோயின் முதியவர்' என்னும் கடற்றூணில் முதன்முதலாக ஏறினர்.

இவர்கள் வகுத்துக்கொண்ட முறை நமக்கும் பயன்படும். இவர்கள் பாறையைப் படிக்குமுன் கடலைப் படிக்கின்றனர். பாறையடிக்குச் செல்லும் வழி எந்த நீர்மட்டத்தில் திறக்கும், எதில் மூடும் என்பதை முதலில் குறிக்கின்றனர். கடல் ஏறும்போது இறங்குவதில்லை. இறங்கிக்கொண்டிருக்கும்போதே வழியில் நுழைகின்றனர். அப்போதுதான் தாமதம் நேர்ந்தாலும் கடல் தாழ்ந்து திரும்பும் நேரம் வரை இடைவெளி கிடைக்கும். வேலைக்குத் தேவையான நேரத்தைக் கணக்கிட்டு, அதற்கு மேல் ஒரு பங்கைத் தவறுகளுக்கென ஒதுக்குகின்றனர். மேலே ஏற முடியாமற்போனால் எந்த வழியே தப்புவது என்பதைக் கீழே இறங்குமுன்பே முடிவு செய்கின்றனர். மேலிருந்து ஒரு கயிற்றைக் கட்டித் தொங்கவிட்டுச் செல்வதும் உண்டு.

அட்டவணை கூறும் உயரம் அமைதியான கடலுக்கு உரியது என்பதையும் அவர்கள் மறப்பதில்லை. காற்றழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால் கடல்மட்டம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் உயரும். கரையை நோக்கி வீசும் காற்று நீரைக் குவிக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, தொலைவிலிருந்து வரும் பேரலை, ஓதக் கணக்கையே பொருளற்றதாக்கிவிடும். ஆகவே ஓதம் வசதியாக இருந்தும் அலை உயர்ந்திருந்தால் திரும்பிவிடுகின்றனர். நூறு கல் பயணம் செய்து வந்து, பாறையைத் தொடாமல் திரும்புவதை அவர்கள் தோல்வியாகக் கருதுவதில்லை.

அறிவு யாரிடம் இருக்கின்றது?

விளையாட்டாக வருபவனுக்குத் திரும்பும் உரிமை உண்டு. கூலிக்கு வருபவனுக்கோ?

2004 பிப்ரவரி 5 இரவு, இங்கிலாந்தின் மோர்கேம்பு வளைகுடாவில் சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்த சீனத் தொழிலாளர்களை ஏறிவந்த ஓதம் சூழ்ந்தது. குறைந்தது 21 பேர் இறந்தனர். கடன்பட்டுக் கடல்கடந்து வந்தவர்கள், மொழி அறியாதவர்கள், கங்காணியின் கீழ் உழைத்தவர்கள். அதே வளைகுடாவில் மணலைக் கடக்க விரும்புவோரை அழைத்துச் செல்ல, 16ஆம் நூற்றாண்டு முதல் அரசின் பெயரால் ஒரு வழிகாட்டி நியமிக்கப்பட்டு வந்தார் என்பதை இங்குக் கூற வேண்டும். அறிவு அங்கே இருந்தது, பதவியும் இருந்தது. இறந்தவர்களிடம் அது எட்டவில்லை. பரூச்சில் கலத்தை எதிர்கொள்ள மீனவனை அனுப்பிய அந்த ஏற்பாடு, இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பின் ஏழைகளுக்கு இல்லாமற்போயிற்று. அதன் பிறகே, அத்தகைய கங்காணிகள் உரிமம் பெற வேண்டும் என்று அந்நாட்டில் சட்டம் வந்தது.

நம் கன்னியாகுமரிக்கு வருவோம். கரையிலிருந்து ஏறக்குறைய அரைக் கிலோமீட்டர் தொலைவில் இரு பாறைகள் இருக்கின்றன. ஒன்றில் 1970இல் திறக்கப்பட்ட விவேகானந்தர் மண்டபம். மற்றொன்றில் 2000 சனவரி முதல் நாள் திறக்கப்பட்ட 133 அடி உயரத் திருவள்ளுவர் சிலை. தென்கோடியில் ஓதத்தின் அளவு ஒரு மீட்டரை எட்டுவதில்லை. பம்பாயோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமேயில்லை. ஆயினும் சிலைப்பாறையை ஒட்டிய கடலில் ஆழம் குறைவு, அடியில் பாறைகள் மிகுதி. எனவே நீர் சிறிது தாழ்ந்தாலும் படகுகள் அங்கு அணைய இயலாமல், சிலைக்குச் செல்லும் படகுப் போக்குவரத்தை நிறுத்துவது வழக்கமாயிருந்தது. கடல் ஏறினால் ஹாஜி அலி மூடும். கடல் தாழ்ந்தால் வள்ளுவர் சிலை மூடும்! இடத்தை அறியாமல் ஓதத்தை மட்டும் அறிந்து பயனில்லை என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை. 2024 டிசம்பர் 30இல் இரு பாறைகளையும் இணைத்து 77 மீட்டர் நீளமுள்ள கண்ணாடிப் பாலம் திறக்கப்பட்டது. விவேகானந்தர் பாறைக்குப் படகில் செல்பவர், பாலத்தின் வழியே சிலைக்கு நடந்து போகலாம்.

பாலம் கட்டக்கூடிய இடம் அது. மற்ற கரைகளுக்கு என்ன செய்வது? தென்கடலோரத்து மீனவர்கள் 'கள்ளக்கடல்' என்று ஒன்றைச் சொல்வார்கள். காற்றும் இருக்காது, மழையும் இருக்காது. வானம் தெளிவாக இருக்கும். கள்வனைப் போல் கடல் திடுமெனப் பொங்கிக் கரையேறும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால், தென் மாகடலில் வீசிய புயற்காற்று எழுப்பிய நீண்ட அலைகள் பல நாள் பயணம் செய்து வந்து சேர்வதே இதன் காரணம். ஏப்ரல், மே மாதங்களில் இது மிகுதி. நம் பள்ளி விடுமுறையும் அப்போதுதான். மீனவர் வாய்ச்சொல்லாய் இருந்த இப்பெயர் இன்று அறிவியல் வழக்கிலும் ஏறிவிட்டது. ஐதராபாத்தில் 1999இல் நிறுவப்பட்ட இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் இதனை முன்கூட்டியே அறிவிக்கின்றது. 2024 மே மாதத் தொடக்கத்திலும் அறிவித்தது. கணபதிபுரத்தில் ஐவர் இறந்த நாள் அந்த எச்சரிக்கை நடப்பில் இருந்த நாள்.

ஆகவே, அறிவு இல்லை என்று நாம் சொல்ல இயலாது. நிலவின் கணக்கு ஆயிரம் ஆண்டுகளாக இருக்கின்றது. அச்சிட்ட அட்டவணை நூற்று நாற்பது ஆண்டுகளாக இருக்கின்றது. அலை எச்சரிக்கை கைப்பேசியிலேயே வருகின்றது. இல்லாதது, அந்த அறிவுக்கும் கரையில் நிற்பவனுக்கும் இடையே நிற்க வேண்டிய ஆள். பரூச்சின் மீனவனும் ஹாஜி அலியின் பூக்காரியும் அந்த இடத்தில் நின்றவர்கள். அன்றைய தேதியின் ஓத நேரத்தையும் அலை நிலையையும் தமிழில் எழுதிய ஒரு பலகையும், அதனை வாய்விட்டுச் சொல்ல ஊதியம் பெறும் உள்ளூர் மீனவர் ஒருவரும் ஒவ்வொரு பாறைக்கரையிலும் இருக்க வேண்டும் என்று கேட்பது பேராசையன்று. மீனவர்களுக்கு அது பிழைப்பு. வருபவர்களுக்கு அது உயிர்.

அதுவரை, வேன் ஏறுபவர்கள் தமக்குத் தாமே மாலுமியாக இருக்க வேண்டியதுதான். எரியோட்டில் கடல் இல்லை; ஆனால் கடலை ஆளும் நிலவு எரியோட்டுப் புளியமரங்களுக்கு மேலேயும் எழுகின்றது. கிளம்புவதற்கு முதல்நாள் இரவு அதனை ஒருமுறை அண்ணாந்து பார்க்கட்டும். பிறை எத்தனை என்று எண்ணட்டும். எச்சரிக்கை உண்டா என்று கேட்கட்டும். கரையை அடைந்ததும் முதலில் பார்க்கும் மீனவரிடம், "அண்ணே, இன்றைக்குக் கடல் எப்படி?" என்று கேட்கட்டும். அவர் வேண்டாம் என்று தலையசைத்தால், பாறையைத் தொலைவிலிருந்து பார்த்துவிட்டுத் திரும்பட்டும். கம்பாயத்து மணலில் ஓடிய நாய்க்கு அப்படிக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பு இல்லை. நமக்கு இருக்கின்றது.